அறிவியல் நகருக்கு ஒரு சைக்கிள் வீதி

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே பொறியியற் பீட மாணவி ஒருவர் ஆற்றிய உரை)

மிஷன் பாடசாலையொன்றிலே படித்து வளர்ந்த என்னை இந்துச் சங்கத்தின் மேடையில் ஏற்றி, "இளைஞரும் ஊர்ப்பணியும்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். ஊர்ப்பணி என்பது பெரிய சொல். அதன் முழு அகலத்தையும் அளக்க எனக்கு வயதும் போதாது, அறிவும் போதாது. ஆகவே அதில் மூன்று மீற்றர் அகலத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு பேசப்போகின்றேன். மூன்று மீற்றர் என்பது இரண்டு சைக்கிள்கள் எதிரும் புதிருமாக அச்சமின்றிப் போய்வரத் தேவையான வீதியின் அகலம். இதைக் கேட்டுப் பெரியவர்கள் சிலர் புன்னகை செய்வது தெரிகின்றது. சைக்கிள் பற்றிப் பேசவா பல்கலைக்கழகத்திலிருந்து ஒருத்தி வந்தாள் என்று நினைக்கின்றீர்கள் போலும். சற்றுப் பொறுத்துக் கேட்கும்படி வேண்டுகின்றேன்.

2009ஆம் ஆண்டிலே நான் ஐந்து வயதுக் குழந்தை. எங்கள் குடும்பம் இடம்பெயர்ந்த நாட்களிலே அப்பாவின் சைக்கிளே எங்களுக்கு வண்டி, அதுவே பெட்டகம். முன் பாரிலே நான். கரியரிலே அரிசி மூட்டை. ஹாண்டிலின் இரு பக்கத்திலும் பாத்திரங்கள். மீளக் குடியேறிய காலத்திலே வீதியின் இரு மருங்கிலும் மண்டையோட்டுப் படத்துடன் மிதிவெடிப் பலகைகள் நின்றன. அந்நாளிலே எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லித் தந்த முதற் பாடம், "பிள்ளை, ஓரத்துக்குப் போகாதே, தாரிலேயே நட" என்பது. இன்று நான் பல்கலைக்கழகத்துக்குச் சைக்கிளிற் புறப்படும்போது அதே அம்மா சொல்லுகின்றா: "பிள்ளை, தாருக்கு ஏறாதே, ஓரமாய்ப் போ." பலகைகள் போய்விட்டன. ஆயினும் வீதியிலே எங்களுக்கு உரிய இடம் எது என்ற கேள்விக்கு மாத்திரம் இன்னும் விடை கிடைக்கவில்லை.

அறிவியல் நகரை உங்களிற் பெரும்பாலானோர் அறிவீர்கள். கிளிநொச்சி நகரிலிருந்து தெற்கே, இரணைமடுச் சந்தியைத் தாண்டி, முறிகண்டிக்கு வருமுன் கண்டி வீதியை ஒட்டியுள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம், பொறியியற் பீடம், தொழில்நுட்ப பீடம் ஆகிய மூன்றும் அங்கேதான் இருக்கின்றன. இலங்கை - ஜேர்மன் தொழிற்பயிற்சி நிலையமும் அங்கேதான். புகையிரதம் நிற்கும் இடமும் உண்டு. காடும் வெட்டையுமாகக் கிடந்த இடம் நம் கண்முன்னே ஊராகி வருகின்றது. மாணவர்க்கு வாடகை அறைகள், சாப்பாட்டுக் கடைகள், நிழற்படப் பிரதி எடுக்கும் கடைகள், புதுக் குடிமனைகள் என்று மாதத்துக்கு ஒன்றாக எழும்புகின்றன. ஆனால் இவ்வளவுக்கும் முதுகெலும்பாக இருப்பது ஒரே வீதி. அதுதான் ஏ-9 என்னும் கண்டி வீதி. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 320 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட நெடுவீதி அது. கொழும்புக்குப் போகும் சொகுசு பஸ்ஸும், மணல் ஏற்றிய டிப்பரும், பாண் வாங்கப் போகும் மாணவனும் அந்த ஒரே தாரிலே போகவேண்டியிருக்கின்றது.

என் முதலாம் வருடத்திலே நடந்த ஒன்றைச் சொல்லுகின்றேன். என் அறைத்தோழி விவசாயம் படிப்பவள். மாலை ஐந்தரை மணிக்குச் செய்முறை வகுப்பு முடிந்து சைக்கிளில் அறைக்கு வந்துகொண்டிருந்தாள். பின்னால் வந்த பஸ் ஒன்று எதிரே வந்த லொறிக்கு இடம் விடுவதற்காக அவள் பக்கமாக ஒதுங்கி, கோணை நீளமாக அடித்தது. பஸ் அவளில் முட்டவேயில்லை. அவள் பயந்து ஓரத்துக்குத் திருப்பினாள். தார் விளிம்புக்கும் கீழே உள்ள கிரவலுக்கும் ஒரு சாண் பள்ளம். சில்லு அந்த விளிம்பிலே சறுக்கிற்று. வலக்கை முறிந்தது. அந்த அரையாண்டுப் பரீட்சைக்கு அவளால் எழுத முடியவில்லை. அவளுடைய தகப்பனார் கூலி விவசாயி; அவர் வந்து சைக்கிளை விற்றுவிட்டு, "இனி ஓட்டோவிலே போ" என்று சொல்லிச் சென்றார். மகாபொல உதவிப்பணத்திலே பெரும்பகுதி இன்று அந்த ஓட்டோவுக்குப் போகின்றது. சாரதி கெட்டவர் அல்லர். தோழியும் கவலையீனமானவள் அல்லள். குற்றம் அந்த ஒரு சாண் விளிம்பிலே இருந்தது. அதாவது, அந்த வீதியிலே அவளும் போவாள் என்பதை வீதியை அமைத்தவர்கள் நினைக்கவில்லை.

பொறியியல் படிப்பவள் என்பதால் ஒரு சிறு கணக்கும் சொல்ல அனுமதி தாருங்கள். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனத்தின் சாரதி ஆபத்தைக் கண்டு, ஒரு செக்கனில் பிறேக்கை மிதித்தால், நல்ல உலர்ந்த வீதியிலே வாகனம் நிற்பதற்கு ஏறக்குறைய 37 மீற்றர் வேண்டும். அதே வாகனம் 30 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் 13 மீற்றர் போதும். வேகம் இருமடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும். ஆகவே ஒரு பிள்ளையின் உயிர் தங்கியிருப்பது சாரதியின் நல்ல மனத்தில் மாத்திரமன்று, வீதியின் அமைப்பிலும் ஆகும்.

"நெடுவீதியிலே வாகனங்கள் வேகங் குறையமாட்டா" என்பார் சிலர். அவர்களுக்கு நான் முறிகண்டியைக் காட்டுகின்றேன். எவ்வளவு அவசரமாக வந்த வாகனமாயினும் முறிகண்டிப் பிள்ளையார் வாசலிலே வேகந் தணிகின்றது. சாரதி இறங்கித் தேங்காய் உடைக்கின்றார். பிரயாணிகள் கச்சான் வாங்குகின்றார்கள். அங்கே பொலிசார் நின்று தடுப்பதில்லை. இது நிற்கவேண்டிய இடம் என்று எல்லாருக்கும் தெரிகின்றது; அவ்வளவுதான். இடம் தன் மதிப்பைத் தானே சொல்லுமானால் சாரதி கேட்பார். பிள்ளைகள் படிக்கும் இடமும் அப்படித் தன் மதிப்பைச் சொல்லவேண்டாமா?

சைக்கிள் நமக்கு அந்நியமான பொருளன்று. 1990 முதல் எரிபொருள் தடைப்பட்ட காலத்திலே வடபகுதி வாழ்க்கையைச் சுமந்தது சைக்கிளே. விறகு அதிலே போனது, நெல் அதிலே போனது, நோயாளி அதிலே போனார், மணப்பெண்ணும் அதிலே போனாள். மின்கலம் கிடையாதபோது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட கதையை இந்த மண்டபத்திலே இருக்கும் ஐயாமார் என்னைவிட நன்றாகச் சொல்லுவார்கள். யுத்தம் முடிந்து வீதி திறந்ததும் மோட்டார் சைக்கிள்கள் தவணைக் கடனுக்கு வந்து குவிந்தன. சைக்கிள் ஏழையின் அடையாளமாயிற்று. ஆனால் 2022ஆம் ஆண்டு வந்தது. பெற்றோல் நிலையங்களிலே நாட்கணக்காக வரிசை நின்றது, கியூ.ஆர். அட்டைக்கு வாராந்தம் அளந்து ஊற்றினார்கள். கோடியிலே துருப்பிடித்துக் கிடந்த பழைய லுமாலாவையும் றலியையும் எடுத்து ஒட்டுப் போட்டு ஓடியவர் எத்தனை பேர்! பழைய சைக்கிளுக்கும் விலை ஏறிற்று. கஷ்டகாலத்திலே இருமுறை கைகொடுத்த ஒன்றுக்கு நல்ல காலத்திலே மூன்று மீற்றர் இடங் கொடுப்பது உபகாரமாகாது. அது நன்றிக்கடன் ஆகும்.

எதற்காக இன்றே கொடுக்கவேண்டும்? இதுவே என் பேச்சின் நடுவான விஷயம். ஒரு பழைய ஊரிலே வீதியை அகலமாக்குவதென்றால் மதில் இடிக்கவேண்டும், கடை இடிக்கவேண்டும், வழக்குப் பேசவேண்டும். புதிய ஊரிலோ, கயிறு பிடித்துக் கட்டை நடும் அன்றைக்கே எல்லாம் தீர்ந்துவிடும். நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தார்கள். ஆலயத்தைச் சுற்றி நான்கு வீதிகளை விட்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஓடும் தேர் முடக்கிலே திரும்புவதற்கு எவ்வளவு இடம் வேண்டுமோ, அதை மனத்திற்கொண்டு வீதியை அளந்தார்கள். எது ஓடவேண்டுமோ அதுவே வீதிக்கு அளவு. ஆண்டுக்கு ஒருநாள் ஓடும் தேருக்கு அளந்து இடம் விட்ட நாம், ஆண்டு முழுவதும் ஓடும் பிள்ளைகளின் சைக்கிளுக்கு அளக்க மறந்துவிட்டோம்.

பிற நாடுகளிலும் இதற்கு நல்ல உதாரணங்கள் உண்டு. அமெரிக்காவிலே கலிபோர்னியா மாநிலத்தில் டேவிஸ் என்றொரு சிறு நகரம். அங்கேயும் நமது போலவே விவசாயக் கல்விக்குப் பேர்போன பல்கலைக்கழகம். கோடையிலே கொளுத்தும் வெயில். பல்கலைக்கழகம் வளரத் தொடங்கியபோது, சைக்கிளை மனத்திற்கொண்டே வளாகத்தைத் திட்டமிடுமாறு அதன் தலைவர் எமில் மிராக் பணித்தார். நகரத்துக்குள்ளே பாதை கேட்டபோது நகரசபை முதலில் இணங்கவில்லை. ஒல்லாந்திலே சிறிது காலம் வாழ்ந்து திரும்பிய ஒரு பேராசிரியர் குடும்பம் அயலவரைச் சேர்த்துக் கையொப்பம் திரட்டிற்று. 1966ஆம் ஆண்டு நகரசபைத் தேர்தலிலே சைக்கிள் பாதையே பேச்சாயிற்று. 1967இல் வீதிகளிலே சைக்கிளுக்கென்று தனி நிரல்கள் கீறப்பட்டன. வழி காட்டியது ஒரு குடும்பம், சாதித்தது ஊர்.

அந்த ஒல்லாந்து தேசமும் பிறப்பிலேயே சைக்கிள் நாடாக இருந்து அப்படியே நிலைத்ததன்று. மோட்டார் வாகனங்கள் பெருகி, 1971ஆம் ஆண்டிலே வீதி விபத்துக்களில் 3,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் சிறுவர். மறு ஆண்டிலே பெற்றோர் திரண்டு, சிறுவர் கொலையை நிறுத்துங்கள் என்று இயக்கம் நடத்தினார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. இவையெல்லாம் சேர்ந்து அந்நாட்டின் போக்கைத் திருப்பின. உற்றெக்ற் என்னும் பல்கலைக்கழக நகரத்துக்கு அண்மையிலே ஹௌட்டன் என்று ஒரு கிராமம் இருந்தது. அதைப் புதுநகரமாக்கியபோது அவர்கள் செய்த காரியம் எளிமையானது. ஊரைச் சுற்றி வட்டமாக ஒரு மோட்டார் வீதி. ஊரின் உள்ளே நேராகச் சைக்கிள் பாதைகள். ஒரு வட்டாரத்திலிருந்து மற்றதற்குக் காரிலே போகிறவர் சுற்றிப் போகவேண்டும்; சைக்கிளிலே போகிறவர் குறுக்கே போகலாம். பாடசாலைகளும் புகையிரத நிலையமும் அந்தச் சைக்கிள் பாதைகளின் வழியிலேயே அமைந்தன. ஏறக்குறைய 50,000 பேர் வாழும் அந்நகரிலே குழந்தைகள் தனியே பள்ளிக்குப் போகின்றார்கள். சட்டத்தாலும் தண்டத்தாலும் அன்று, எது கிட்டப்பாதை என்பதை மாற்றியதாலேயே மக்களைச் சைக்கிளில் ஏற்றிவிட்டார்கள்.

ஹௌட்டனை அப்படியே பெயர்த்து அறிவியல் நகரிலே வைக்கச் சொல்லவில்லை. அங்கே குளிர், இங்கே வெயில். அங்கே தூறல், இங்கே மார்கழி வெள்ளம். நம் மண்ணுக்கு ஏற்ப நான் கேட்பவை நான்கு.

முதலாவது, கண்டி வீதிக்குச் சமாந்தரமாக ஒரு தனிப்பாதை. இரணைமடுச் சந்தியிலிருந்து பீடங்களையும் பயிற்சி நிலையத்தையும் புகையிரதத் தரிப்பிடத்தையும் தொடுத்து, வாகனங்கள் ஏறாதபடி வடிகாலாலும் மரவரிசையாலும் பிரிக்கப்பட்ட மூன்று மீற்றர் பாதை. வீதியைக் கடக்கும் இடங்கள் குறைவாக இருக்கட்டும்; ஆனால் அவ்விடங்களிலே தளத்தைச் சற்று உயர்த்தி, வாகனம் தானாக வேகங் குறையும்படி செய்யவேண்டும்.

இரண்டாவது, தண்ணீருக்கு வழி. 2018ஆம் ஆண்டு மார்கழி வெள்ளத்தை நாம் மறக்கமாட்டோம். கிரவலைக் கொட்டி உருட்டிவிட்டால் பாதை முதல் மாரியோடு போய்விடும். பாதையின் முதுகு ஒரு பக்கமாகச் சற்றுச் சரிந்திருக்கவேண்டும். நீர் ஓடும் இடந்தோறும் மதகு வேண்டும். பாதைக்கு ஒதுக்கும் பணத்திலே முதற்பங்கு மதகுக்கே போகவேண்டும் என்பது என் எண்ணம்.

மூன்றாவது, நிழல். பங்குனி, சித்திரை மாதங்களிலே நண்பகல் வெயிலில் எந்த நல்ல பாதையும் வெறிச்சோடிக் கிடக்கும். தெற்கும் மேற்குமான பக்கத்திலே வேம்பும் மருதும் புங்கும் நடவேண்டும். பாதைக்கு மிக அருகே நட்டால் வேர் தளத்தைக் கிளப்பும். இரண்டு மீற்றர் தள்ளி நடுவது நல்லது. மரம் நிழல் தரப் பத்து ஆண்டுகள் செல்லும். ஆகையாற்றான் பாதை போட முன்னரே மரத்தை நட்டுவிடுங்கள் என்கின்றேன். பாதைக்குப் பணம் வரக் காத்திருக்கலாம், மரம் காத்திருக்கவேண்டியதில்லை.

நான்காவது, கண்கள். இதைச் சகோதரர்கள் கவனித்துக் கேட்கவேண்டும். குளத்து வாய்க்கால் வரம்புகளிலே பாதை அமைத்தால் அழகாக இருக்கும் என்று முதலில் நானும் படம் கீறினேன். என் அறைத்தோழி அதைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்: "ஆறு மணிக்குப் பிறகு இதிலே நீ வருவியா?" படத்தைக் கிழித்துப் போட்டேன். ஆள் நடமாட்டமற்ற பற்றைக்குள்ளே போடும் பாதை பகலிலே அழகு. பொழுதுபட்டால் பெண்பிள்ளைகளுக்கு அது அடைபட்ட வழி. ஆகவே பிரதான பாதை வீடுகளின் முன்னாலும் கடைகளின் முன்னாலும் போகவேண்டும், விளக்கு வேண்டும். ஒரு ஆச்சி திண்ணையிலே இருந்து பார்த்துக்கொண்டிருப்பாளானால் அதைவிட நல்ல காவல் வேறில்லை.

பெண்கள் சைக்கிள் ஓட்டுவது சிறு விஷயமன்று. தமிழ்நாட்டிலே புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991 அளவில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பிக்க ஊக்கம் அளித்தார்கள். பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் கற்றார்கள். எவரையும் காத்திராமல் சந்தைக்கும் வேலைக்கும் தாமாகவே போனார்கள். கிளிநொச்சியிலே ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் சகோதரிகளுக்கும், யுத்தத்திலே துணையை இழந்து தனியே குடும்பத்தைச் சுமக்கும் தாய்மாருக்கும் இந்தச் சுதந்திரத்தின் விலை நன்கு தெரியும்.

இனி, பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். கண்டி வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியது, உள்வீதிகளுக்குப் பிரதேச சபையிடம் போகவேண்டும், வளாகத்துக்குள்ளே பல்கலைக்கழகம். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் நான்காமவர் ஒருவர் இருக்கின்றார், காணிக்காரர். வேலிச் சண்டைக்கு நம்மவர் பேர்போனவர்கள். இரவோடிரவாகக் கதியாலை ஒரு சாண் வெளியே நகர்த்தி நட்ட கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. இன்று நான் கேட்பது அதற்கு நேர்மாறானது. அறிவியல் நகரிலே புதிதாக வேலி அடைப்பவர்கள் கதியாலை வீதியிலிருந்து இரண்டு மீற்றர் உள்ளே தள்ளி நட்டுத் தாருங்கள். பின்னொரு நாள் அரசாங்கம் மதிலை இடித்து எடுக்கும்போது வரும் மனக்கசப்பைவிட, இன்று மனமுவந்து கொடுப்பது இலகுவானது. உங்கள் காணியின் முன்னே நிழலும் ஆள்நடமாட்டமும் இருந்தால் உங்கள் கடைக்கும் வாடகை அறைக்கும் அது நட்டமாகாது.

இளைஞர் சகோதரர்களே, நமக்கும் வேலை உண்டு. வருகின்ற தவணையிலே ஒரு கிழமைக்கு, காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது வரையும், மாலை நான்கிலிருந்து ஆறரை வரையும் இரணைமடுச் சந்தியிலே நின்று, எத்தனை சைக்கிள், எத்தனை நடையாட்கள், அவர்களுள் எத்தனை பெண்கள், எத்தனை பள்ளிப்பிள்ளைகள் என்று எண்ணுவோம். தார் விளிம்பு எங்கெங்கே எவ்வளவு பள்ளம் என்று அளந்து படம் கீறுவோம். கணக்கில்லாத விண்ணப்பம் மேசையிலே தூங்கும்; கணக்கோடு போனால் பதில் சொல்லியே ஆகவேண்டும். மாரி தொடங்கியதும் சிரமதானமாக மரங்களை நடுவோம். திருவிழாவுக்குப் பந்தல் போடும் கைகள், பாதைக்கு மரம் நடவும் வல்லவை.

வவுனியாவிலும் இதே நிலைதான். 2021ஆம் ஆண்டு ஆவணி முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகம், பம்பைமடுவிலே மன்னார் வீதியை அண்டி வளர்கின்றது. அங்கும் கட்டை நட இன்னும் காலம் இருக்கின்றது. வெள்ளம் வருமுன் அணை கோலுவதுதான் அறிவுடைமை.

என் அறைத்தோழியின் கை குணமாகிவிட்டது. பரீட்சையும் பின்னர் எழுதிச் சித்தியெய்தினாள். ஆனால் சைக்கிளிலே அவள் இன்னும் ஏறவில்லை. "பாதை வந்தால் ஏறுவியா?" என்று கேட்டேன். "முதல்லை மரத்தை நடுங்கோ, பிறகு பாப்பம்" என்றாள். விவசாயம் படிக்கின்றவள் அல்லவா! இந்தச் சங்கத்தின் அடுத்த ஆண்டு விழாவுக்கு அவளை இங்கே அழைத்து வர விரும்புகின்றேன். அன்று அந்த மரங்கள் முழங்கால் உயரமாவது வளர்ந்திருக்கவேண்டும். அதை அவளுக்குக் காட்டும் பொறுப்பை உங்கள் கையிலே ஒப்படைத்து விடைபெறுகின்றேன்.